உத்தரணியைக் கடித்த சீலா

எங்கள் ஆபீஸில் கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. துரையின் அறையில் இருந்தவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவை தோல் போர்த்தவை, வேறு ஜாதி. குமாஸ்தாக்களாகிய எங்களுக்கு முதுகு மட்டும் உள்ள நாற்காலிகள். தலைமைக் குமாஸ்தாவான பெரிய பாபு ஒருவர்தான் இருபுறமும் வளைந்த கைகளில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு கொலுவிருந்தார். அந்த வருஷக் கடைசியில் அவர் வேலையை விட்டுக் காசிக்குப் போவதாக இருந்தது. அடுத்து அதில் யார் உட்காருவது என்பதைத் தவிர உலகத்தில் எனக்கு வேறு கேள்வியே இல்லை. சுதேசி, அன்னியத் துணி, வங்காளத்தை வெட்டியது சரியா தப்பா என்று கல்கத்தா கொதித்துக்கொண்டிருந்தது. நான் கை வைத்த நாற்காலியைப் பற்றிக் கொதித்துக்கொண்டிருந்தேன்.

போட்டிக்கு இருந்தது இரண்டு பேர். ஒருவன் நான், சீதாராமன், ராமநாதபுரத்துக்காரன். மற்றவர் ஹரிபத பாபு. வேலையில் இருவரும் ஒரே மாதிரிதான். அதாவது இருவருமே அதிகம் செய்வதில்லை. ஆனால் அவரிடம் ஒரு பெருமை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் யாராவது ஜமீன்தாரின் குளக்கரையில் குடை பிடித்துக்கொண்டு தூண்டில் போட்டு உட்காருவார். திங்கட்கிழமை அவர் பிடித்த ரோகு மீனின் கதையைக் கேட்க ஆபீஸே அவர் மேஜையைச் சுற்றி நிற்கும். பிடிக்காத மீனின் கதைக்குக் கூட்டம் இன்னும் அதிகம்.

மீன் சாப்பிடாதவனை வங்காளிகள் வெறுப்பதில்லை. பரிதாபப்படுவார்கள். வெறுப்பையாவது தாங்கிக்கொள்ளலாம். டிபன் வேளையில் நான் மூலையில் தயிர் சாதத்தைத் திறந்தால், "ஆஹா, பாவம், ஷீதாராம் பாபு" என்று கேஷியர் பெருமூச்சு விடுவார், ஏதோ நான் கைம்பெண் விரதம் காப்பதைப் போல. அன்றைக்கும் அப்படித்தான் விட்டார். பத்மா நதி இலிஷ் மீன் உயர்ந்ததா, கங்கை இலிஷ் உயர்ந்ததா என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, வாயைத் திறந்துவிட்டேன்.

"ஆற்று மீனுக்கா இவ்வளவு அமர்க்களம்? கடல் மீன் பார்த்திருக்கிறீர்களா யாராவது? எங்கள் பாம்பன் பக்கம் சீலா என்று ஒன்று உண்டு."

சண்டை நின்றது. ஏழெட்டு முகங்கள் என் பக்கம் திரும்பின. கல்கத்தாவுக்கு வந்த நாளாக அவ்வளவு முகங்கள் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்ததில்லை. அந்தப் போதையில் மேலே போனேன்.

"ஆள் நீளம். ஈட்டி மாதிரி உடம்பு. கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டு, நம் கேஷியர் பாபுவைப் போல. பல்லெல்லாம் ரம்பம். பாறை நிழலில் அசையாமல் நிற்கும். பளபளவென்று எது கண்ணில் பட்டாலும் பாய்ந்து பிடுங்கும்."

"ருசி எப்படி?" என்றார் ஹரிபத பாபு. வங்காளிக்கு மற்றதெல்லாம் பிற்பாடுதான்.

ஒரு கணம் திகைத்தேன். "முருங்கைக்காய் மாதிரி" என்றேன். "சதை கொஞ்சம் அதிகம்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். முருங்கைக்காய் அவர்களுக்கும் பிடிக்கும்.

உண்மையில் நான் சீலாவைப் பார்த்தது ஒரே தடவை. ராமேஸ்வரம் போகிற வழியில், பாம்பன் மணலில், அது செத்து வெகு நேரமான பிறகு. அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்ட நின்று பார்த்தேன். அப்பா, "தள்ளி வாடா, தீட்டு" என்று அதட்டியதால் அதையும் முழுவதாகப் பார்க்கவில்லை. வால் பக்கம் பாக்கி. பளபளப்பைக் கண்டால் பாயும் என்பது படகோட்டி அப்பாவிடம் சொன்னது. இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு நான் அந்த மழைக்காலம் முழுவதும் ஆபீஸில் வியாபாரம் நடத்தினேன். ஹரிபத பாபுவின் மேஜையைச் சுற்றிக் கூட்டம் குறைந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் சீலா ஒரு முழம் வளர்ந்தது.

வளர்ந்த சீலா ஒரு நாள் துரையின் காதில் விழுந்துவிட்டது.

மக்ஃபெயில் துரைக்கு இரண்டே பைத்தியங்கள். ஒன்று கம்பெனி, இன்னொன்று தூண்டில். முதலாவது ஐந்து மணிக்குத் தெளிந்துவிடும். அவர் அலமாரியில் பைல்களுக்குப் பின்னால் மூங்கில் கழிகள், உருளைகள், சீமையிலிருந்து தருவித்த கரண்டித் தூண்டில்கள் எல்லாம் இருந்தன. காம்பு ஒடித்த தேக்கரண்டியில் கொக்கி மாட்டியது போல இருக்கும் அது. தண்ணீரில் இழுத்தால் சின்ன மீன் ஓடுகிற மாதிரி மின்னி மின்னித் திரும்பும். என்னைக் கூப்பிட்டு அவற்றையெல்லாம் மேஜை மேல் பரப்பினார். என் வாழ்நாளில் அந்த அறையில் எனக்கு உட்கார இடம் கொடுக்கப்பட்டது அன்றுதான்.

"சீத்தாராம், சீலாவுக்கு எது நல்ல இரை?"

"இரை என்பது தேச ஆசாரத்தைப் பொறுத்தது, துரை" என்றேன்.

அவருக்கு அது மிக ஆழமாகப் பட்டிருக்க வேண்டும். பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "பல் ரம்பம் என்கிறாயே. நூலின் நுனியில் ஒரு சாண் கம்பி கட்டினால் அறுக்க முடியாதல்லவா?"

கட்டலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. சின்னக் குழந்தைக்குக்கூடத் தோன்றும். ஆனால் கேட்டதற்கெல்லாம் ஆமாம் போட்டால் நிபுணன் என்று எவன் மதிப்பான்? ஏதாவது ஒன்றை மறுக்க வேண்டும்.

"கூடவே கூடாது, துரை. சீலா புத்திசாலி. கம்பியைப் பார்த்தால் சிரித்துவிட்டுப் போய்விடும்."

"அப்படியா!" என்று அவர் கம்பிச் சுருளைப் பெட்டியின் அடியில் போட்டார். பிறகு சொன்னார்: "கிறிஸ்துமஸ் லீவில் அந்தமான் போகிறேன். கம்பெனிக்கு மரம் பார்க்க வேண்டும். அங்கே பவளப் பாறைகளில் சீலா நிறைய என்கிறார்கள். நீயும் வா. ஹரிபதமும் வரட்டும். ஆபீஸுக்கு வெளியே பார்த்தால்தான் ஒரு மனிதனைத் தெரியும். திரும்பி வந்ததும் பெரிய பாபு யார் என்று சொல்லிவிடுகிறேன்."

நாற்காலி கடல் நடுவே போய் உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்து ஜகதாம்பாளிடம் சொன்னேன். நாங்கள் இருந்தது பவானிபூரில், ஒரு வங்காளிக் குடும்பத்தின் மாடியில். காளிகாட் டிராமில் மீன் கூடையோடு ஒருத்தி ஏறினால் நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறவன் என்று ஊரில் எனக்குப் பெயர். வெள்ளிக்கிழமை பஜனையில் ஆசாரத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசுகிறவனும் நான்தான். அதனால் விஷயத்தில் மரத்தை மட்டும் சொல்லி மீனை விட்டுவிட்டேன்.

"கடல் தாண்டலாமோ?" என்றாள் அவள், அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ராமேஸ்வரத்துக்குப் படகிலே போனா புண்ணியம். போர்ட் பிளேருக்குக் கப்பல்லே போனா மட்டும் பாவமா? ரெண்டும் ஒரே உப்புத் தண்ணிதானே."

"ராமேஸ்வரத்திலே சுவாமி இருக்கார். போர்ட் பிளேர்லே கைதின்னா இருக்கான்."

"அந்த நாற்காலி கிடைக்கணுமா வேண்டாமா உனக்கு?"

"எனக்கெதுக்கு? நான் தரையிலேதானே உக்காந்திண்டிருக்கேன்" என்றாள்.

அதற்கு மேல் வாதம் இல்லை. பிரச்சினை இரையில் வந்தது. தேச ஆசாரம் என்று சொல்லியாகிவிட்டது. ஏதாவது கொண்டுபோக வேண்டும். ஹரிபத பாபு குளத்து மீனுக்கு வசம்பு, வெந்தயம், கடுகுப் பிண்ணாக்கு எல்லாம் சேர்த்துப் புளிக்க வைத்து உருண்டை பிடிப்பார். அதற்குச் 'சார்' என்று பெயர், கலவை பரம ரகசியம். அவருக்கு ஒரு ரகசியம் என்றால் எனக்கும் ஒன்று வேண்டாமா? செத்த மீன், புழு இவற்றையெல்லாம் நான் தொடுவதாக இல்லை. எனக்குத் தெரிந்த உருண்டை ஒன்றுதான்.

"கொழுக்கட்டையா? பிள்ளையார் சதுர்த்தி போயி எத்தனை நாளாச்சு?"

"கப்பல்லே சாப்பாட்டுக்குன்னா என்ன பண்றது? கொஞ்சம் கெட்டியாவே பண்ணு. காயம் நன்னாப் போடு."

"எவ்வளவு?"

"கட்டியையே போடு."

அவள் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "மனுஷா திங்கறதுக்குத்தானே?"

"கடல் காத்துக்கு ஜீரணம் மந்தமாயிடும்டீ" என்றேன்.

கப்பல் பிரயாணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஹூக்ளி நதி முடியும் வரையில் ஹரிபத பாபு மேல்தட்டில் நின்றுகொண்டு, குளத்தில் கற்ற வித்தை கடலிலும் பலிக்கும் என்று கப்பல்காரர்களுக்கு உபதேசம் செய்தார். நதி முடிந்து கடல் ஆரம்பித்த இடத்தில் வாந்தி ஆரம்பித்தது. பிறகு அவர் நிமிரவே இல்லை. நான் அவலும் சத்துமாவும் தின்றுகொண்டு, கூஜாத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, மூன்று வேளையும் சந்தி பண்ணினேன். என் வயிறும் புரண்டதுதான். ஆனால் சேது கட்டியவன் பெயரை வைத்துக்கொண்டு கடலில் வாந்தி எடுப்பது அழகில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

போர்ட் பிளேருக்கு வெளியே ஒரு தீவின் ஓரம். காலை வெயிலில் எங்களைப் படகில் இறக்கினார்கள். கப்பல் கலாசிகள் துடுப்புப் போட்டார்கள். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அடியில் பவளப் பாறை பூக்கோசு பூக்கோசாக விரிந்து கிடந்தது. ஹரிபத பாபு படகில் கால் வைத்ததுமே அதன் அடித்தளத்தில் நீட்டிப் படுத்துவிட்டார், சார் பானையைத் தலைக்கு வைத்துக்கொண்டு.

"ஷீதாராம் பாபு, நான் செத்துப்போனால் இந்தப் பானையை என் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்."

"சாக மாட்டீர்கள். உங்கள் சாரை இரண்டு உருண்டை போடட்டுமா?"

"அது குளத்து மீனுக்கு. கடலில் கரைந்து என் ரகசியம் வீணாகப் போகும்" என்று பானையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

ஆகவே முதல் ஆயுதம் என்னுடையது. துரை பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொழுக்கட்டைப் பாத்திரத்தைத் திறந்தேன். பெருங்காய வாசனை வங்காள விரிகுடா முழுவதும் பரவியது. கலாசி ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மனத்துக்குள் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிட்டுப் பாறை மேல் தூவினேன்.

உடனே கூட்டம் கூடியது. மஞ்சள் கோடு போட்டது, நீலப் புள்ளி வைத்தது, விரல் நீளம், உள்ளங்கை அகலம் என்று எங்கிருந்தோ சின்னச் சின்ன மீன்கள் வந்து, கல்யாணத்தில் முதல் பந்திக்கு முண்டுகிற உறவினர்களைப் போல ஒன்றின் மேல் ஒன்று விழுந்து தின்றன.

"யார் இவர்கள்?" என்றார் துரை. "சீலா எங்கே?"

எனக்கு என்ன தெரியும்? "பொறுங்கள்" என்று கையைக் காட்டினேன். அந்தச் சொல்லைவிடப் பத்திரமான சொல் நிபுணர்களின் அகராதியில் இல்லை.

திடீரென்று பந்தி கலைந்தது. ஒரு மீன்கூட இல்லை. பாறையின் நிழலில், கூரையிலிருந்து கழற்றிப் போட்ட கை மரம் போல, நீளமாக, சாம்பல் நிறமாக ஒன்று நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்பால் இன்னும் சில. வட்டக் கண்ணால் எங்களையே பார்த்தன. கீழ்த்தாடை துருத்திக்கொண்டிருந்தது. நான் சொன்ன பொய்களுக்குள் அது ஒன்றாவது நிஜம் என்று கண்டபோது எனக்கே பயமாகிவிட்டது.

"சபாஷ்!" என்று துரை என் முதுகில் அறைந்தார். "சின்ன மீனுக்கு விருந்து வைத்துப் பெரிய மீனை வரவழைக்கிறாய்! என்ன தந்திரம்!"

வெகு காலமாகத் திட்டமிட்டவனைப் போலத் தலையை அசைத்தேன்.

துரை கரண்டித் தூண்டிலை வீசினார். அது பாறை ஓரத்தில் விழுந்து மின்னிக்கொண்டே திரும்பி வந்தது. கை மரம் இருந்த இடத்தில் கை மரம் இல்லை. நான் பார்த்தது வெறும் வெள்ளிக் கீற்று. கழி வளைந்தது. அடுத்த கணம் நிமிர்ந்தும்விட்டது. நூல் நுனி, கத்தரித்தது போலச் சுத்தமாக இருந்தது.

துரை இன்னொரு கரண்டி கட்டினார். அதுவும் போயிற்று. வெள்ளி முலாம் போட்டது போயிற்று, சிவப்புக் குஞ்சம் வைத்தது போயிற்று, அவர் மாமனார் ஸ்காட்லாந்திலிருந்து அனுப்பியதும் போயிற்று. சீமைக் கரண்டிகள் எல்லாவற்றையும் அந்தமான் சீலாக்கள் ஸ்வீகரித்துக்கொண்டன. ஒவ்வொரு கரண்டிக்கும் துரையின் முகம் ஒரு படி சிவந்தது. கடைசியில் பெட்டியைத் துழாவினார். அடியில் கம்பிச் சுருளும் வெறுங் கொக்கிகளும்தான் மிஞ்சியிருந்தன. சுருளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சிரித்துவிட்டுப் போய்விடும் என்றாய்."

நான் தண்ணீரைப் பார்த்தேன். சீலாக்கள் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது.

"திரும்பலாம்" என்றார் கலாசிகளிடம்.

அந்த ஒரு வார்த்தையில் நாற்காலி, அதன் இரண்டு கைகளோடும் என்னை விட்டு மிதந்து போவதைக் கண்ணால் கண்டேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. செய்யத் தெரியாத சமயத்தில் பிராமணன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உச்சி வேளை ஆகியிருந்தது. கலாசிகள் துடுப்பை எடுப்பதற்குள் பையிலிருந்து பஞ்சபாத்திரத்தையும் உத்தரணியையும் எடுத்து மாத்யான்னிகம் பண்ண உட்கார்ந்தேன். பகவானுக்கு நினைவூட்டினால் ஏதாவது செய்ய மாட்டாரா?

உத்தரணியில் தீர்த்தம் எடுத்துக் கையைத் தூக்கினேன். அது வெள்ளிக் கரண்டி, கல்யாணத்தில் மாமனார் கொடுத்தது. காம்பின் மேலே படமெடுத்த பாம்பு, கீழே குழிந்த சின்னக் கிண்ணம். ஜகதாம்பாள் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அதில் முகம் பார்க்கலாம். உச்சி வெயில் அதில் பட்டுத் தண்ணீரில் தெறித்தது. பாறை நிழலில் நின்ற பெரிய சீலா மெதுவாகத் தலையைத் திருப்பியது. நான் கையை இடது பக்கம் நகர்த்தினேன். அதுவும் இடது பக்கம் பார்த்தது.

அதை நான் பார்த்தேன். துரதிருஷ்டவசமாகத் துரையும் பார்த்தார்.

"அது என்ன?"

"பூஜைச் சாமான், துரை."

"கொடு."

அந்தக் கணத்தில் என் மனத்தில் தர்மமும் நாற்காலியும் போராடின என்று எழுத ஆசைதான். போராட்டம் எதுவும் நடக்கவில்லை. நாற்காலி இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஆசமனத்துக்கு எடுத்த தீர்த்தத்தைக் கடலிலேயே கொட்டிவிட்டு உத்தரணியை நீட்டினேன்.

துரை பாம்புப் படத்தின் வளைவில் கம்பியைக் கட்டினார். கிண்ணத்தின் கழுத்தில் கொக்கியை வைத்து முறுக்கினார். பிறகு கழியை என் கையில் திணித்தார். "உன் தேசத்து ஆயுதம். நீதான் போட வேண்டும்."

நான் கண்ணை மூடிக்கொண்டு வீசினேன். "சுற்று! வேகமாகச் சுற்று!" என்று துரை கத்தினார். உருளையைச் சுற்றினேன். ராட்டினத்தில் தண்ணீர் இழுக்கிற வேகம்தான் எனக்குத் தெரியும். அது போதுமானதாக இருந்தது போலிருக்கிறது. யாரோ கழியின் அந்தப் பக்கத்தைப் பிடித்து, "வாடா இங்கே" என்று இழுத்தார்கள்.

போனேன். படகின் விளிம்பு வரைக்கும் போய்விட்டேன். கால் ஊன்ற இடம் தேடி ஊன்றினேன். அது ஹரிபத பாபுவின் வயிறு. துரை என்னைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். அவர் கைக்கு அகப்பட்டது குடுமி. முன்னால் சீலா, பின்னால் சீமை, நடுவில் நான். கையை விட்டிருக்கலாம். ஆனால் மாமனார் வீட்டு வெள்ளி அந்தப் பக்கம் இருந்தது.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. கடைசியில் கலாசி ஒருவன் வளைந்த இரும்புக் கொக்கியால் அதைப் படகுக்குள் தூக்கிப் போட்டான். ஆள் நீளம் இல்லை. என் இடுப்புக்கு மேல் இருக்கும். அது துள்ளித் துள்ளிப் பல்லை நறநறவென்று கடித்ததைப் பார்த்ததும் நான் பலகை மேல் ஏறி, இரண்டு கைகளாலும் பஞ்சகச்சத்தைத் தூக்கிக்கொண்டு உரக்கக் காயத்ரி சொல்ல ஆரம்பித்தேன். துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாக நின்றார். மீன் பிடித்த பிறகு பண்ணுகிற சடங்கு என்று நினைத்தார் போலும்.

அடித்தளத்திலிருந்து ஹரிபத பாபுவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "விலாயதித் தூண்டில் எல்லாம் தோற்றது. சுதேசித் தூண்டில் ஜெயித்தது. வந்தே..."

"ஷ்! துரை இருக்கிறார்."

"...மறுபடியும் வாந்தி வருகிறது" என்று முடித்துக்கொண்டார்.

துரை என்னையும் மீனையும் பக்கம் பக்கமாக நிறுத்திப் படம் பிடித்தார். மீனின் வாயில் உத்தரணி குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. அன்று கப்பலில் அதைப் பொரித்தார்கள். எனக்கு ஒரு துண்டு வந்தது. விரதம் என்று சொல்லித் தப்பினேன். ஹரிபத பாபு படுத்தபடியே ஒரு வாய் தின்றுவிட்டு, "முருங்கைக்காய் வாசனை இலேசாக இருக்கத்தான் இருக்கிறது" என்றார். மனிதருடைய நம்பிக்கையை என்னவென்று சொல்வது!

கல்கத்தா திரும்பியதும் துரையின் சாமான்களை இறக்க ஒரு நாள் துறைமுகத்திலேயே நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே நின்றாள் ஜகதாம்பாள்.

"உத்தரணியைக் காட்டுங்கோ."

காட்டினேன். கிண்ணம் நசுங்கி, காம்பு முழுக்கப் பல் பதிந்திருந்தது.

"இதென்ன?"

"கப்பல்லே எலி ஜாஸ்தி."

"எலியா? கீழாத்து வங்காளி மாமி காத்தாலே மாடிக்கு வந்து, உங்காத்துக்காரர் பெரிய மீன் பிடிச்சாராமே, தலையை என்ன பண்ணினேள், எங்களுக்குத் தரப்படாதான்னு கேட்டுட்டுப் போறா. தலைதான் ருசியாம். நான் என்னத்தைச் சொல்ல? ஹரிபத பாபு நேத்தே வந்து தெருத் தெருவாச் சொல்லியாச்சு. காளிகாட் வரைக்கும் தெரியும். பஜனைக்காராளுக்கும் தெரியும்."

"நான் அதைத் தொடவே இல்லைடீ. கழியைத்தான் பிடிச்சிண்டிருந்தேன்."

"மீன் உங்க கழியைப் பிடிச்சிண்டிருந்துதாக்கும்." அவள் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். "கிணத்தடிக்குப் போங்கோ. சாஸ்திரிகள் பஞ்சகவ்யத்தோட வரார். அப்பா கொடுத்ததைப் போயும் போயும் மீன் வாயிலே கொடுத்தேளே, அந்த நாற்காலியாவது கிடைச்சுதா?"

"திங்கட்கிழமை தெரியும்" என்றேன், தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு. மார்கழிக் குளிர், அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலிக்காக இன்னும் நாலு குடம் கொட்டிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

திங்கட்கிழமை துரை இருவரையும் கூப்பிட்டார். சுவரில் என் படம், கண்ணாடிச் சட்டத்துக்குள். மீனைவிட நான்தான் அதிகம் பயந்திருந்தேன். அது நல்ல சகுனமாகவே பட்டது.

"சீத்தாராம்" என்று ஆரம்பித்தார். "உன்னைப் போன்ற மனிதனை நான் பார்த்ததில்லை."

நான் அடக்கமாகக் கீழே பார்த்தேன்.

"அதனால்தான் உன்னை நாற்காலியில் உட்கார வைப்பது மகா பாவம் என்று முடிவு செய்தேன். பெரிய பாபு என்பவன் எது வந்தாலும் இருந்த இடத்தில் கிடக்க வேண்டும். ஹரிபதத்தைப் பார். படகு ஆடியது, வெயில் கொளுத்தியது, ஒரு மனிதன் வயிற்றில் ஏறி நின்றான். புரண்டுகூடப் படுக்கவில்லை. என்ன பொறுமை! நீயோ கடலின் பிள்ளை. உன்னைத் தண்ணீர் அருகில் வைக்க வேண்டும். கார்டன் ரீச்சில் ஆற்றோரம் கப்பல் கட்டும் துறை, நம் ஜெட்டி இருக்கிறது. நாளையிலிருந்து சரக்கு ஏற்றி இறக்குவதை நீ பார்த்துக்கொள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு நாம் மறுபடி போகிறோம்."

ஹரிபத பாபு அழுதுவிட்டார். நானும் கண் கலங்கினேன். துரை இரண்டையும் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

ஹரிபத பாபுவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அன்று டிபன் வேளையில் என்னைத் தனியாக அழைத்து, அண்ணன் முறை வைத்து, "தாதா, நான் வெளியே போய் வருகிறேன். யாரும் இல்லை. ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள்" என்றார். எனக்கு மானம் இருந்திருந்தால் மறுத்திருப்பேன்.

உட்கார்ந்தேன். முழங்கைகளை ஊன்றினேன். சாய்ந்தேன். ஒரு பெரிய பாபு எப்படிச் சாய்வாரோ அப்படி, உலகத்தைச் சற்றுக் கீழ்க் கண்ணால் பார்த்துக்கொண்டு சாய்ந்தேன். உடனே நாற்காலியின் மூட்டுகளிலிருந்து மூட்டைப்பூச்சிகள் புறப்பட்டு வந்து பழைய பெரிய பாபுவைத் தேடின. துள்ளி எழுந்தேன். எழுகிற வேகத்தில் நாற்காலியின் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். அது என்னோடு எழுந்து வந்துவிட்டது. இத்தனை வருஷமாகச் சணல் கயிற்றால் அதை உள்பக்கமாகக் கட்டி வைத்திருந்திருக்கிறார் பழைய பெரிய பாபு. அதனால்தான் அவர் அந்தப் பக்கம் அதிகம் அசையாமல் அவ்வளவு கம்பீரமாக இருந்திருக்கிறார்.

கையில் நாற்காலிக் கையோடு நான் நின்றுகொண்டிருந்தபோது துரை வந்தார். என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார்.

"சரிதான்" என்றார். "நீ எங்கே போனாலும் எதையாவது பிடுங்கிக்கொண்டுதான் வருகிறாய்."

ஹரிபத பாபுவுக்குப் புது நாற்காலி வந்தது. கை இரண்டும் உறுதியானவை, மெத்தை தைத்தது. பழையது வேண்டாத சாமான்களோடு வண்டியேறிக் கார்டன் ரீச்சுக்கு வந்து சேர்ந்தது. ஜெட்டியில் வேறு நாற்காலி இல்லை. கலாசிகள் அதை வெந்நீர் ஊற்றிக் கழுவி, பூச்சியைப் போக்கி, எனக்கென்று ஆற்றைப் பார்த்துப் போட்டார்கள்.

ஆகக்கூடி அதில் நான் உட்கார்ந்தேவிட்டேன். ஒரு கைதான், இடது கை. கப்பல் காப்டன்கள் வரும்போது என் படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் நின்று விசாரிப்பார்கள். ரங்கூன் கப்பலின் காப்டன் போன வாரம், "சுறாவைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டான். "சுறாவா! எங்கள் பாம்பன் பக்கம்..." என்று ஆரம்பித்தேன். பேச்சு சூடு பிடிக்கும்போது வலது பக்கம் சாயாமல் இருக்கப் பழகிக்கொண்டு வருகிறேன்.